வரத்துக்காலில் ஏழு தென்னை

மாப்பிள்ளை,

காலையில் இருந்து ஊர் முழுக்கச் சீமைக்கருவேல மரம் வெட்டிப்போட்ட பச்சை வாடை. உனக்கு அந்த வாடை தெரியும். பல்லில் புளி பட்டது போல மூக்கு கூசும். கூடவே கிளறிப்போட்ட மண்ணின் வாடை, மிஷினின் டீசல் வாடை. டீக்கடையில் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனால் டீக்கு முன்னால் அதுதான் வந்து நிற்கிறது. நம் பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்டிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். மேல்கண்மாயில் தொடங்கி, முள்ளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே அந்த மஞ்சள் மிஷின் நம் ஊரைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது. கூடவே நம் ஆட்கள் இருநூறு பேர், கையில் அரிவாளோடு. நீ இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தி, "எத்தனை பேரு மச்சான்? உள்ளதைச் சொல்லு" என்பாய். முப்பத்திரண்டு பேர். என்னையும் சேர்த்து.

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. எங்கே அனுப்புவது என்று தெரியாது. ஆனால் ஊர்ச் செய்தியை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குச் சோறு செரிப்பதில்லை. கண்மாய்க்கரையில் இத்தனை பேர் இருக்கிறார்கள், யாரிடம் ஆரம்பித்தாலும் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். நீ ஒருவன்தான் கடைசி வரைக்கும் கேட்பாய். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் சிரிப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள் மிஷின் என் கொல்லைக்கு வந்துவிடும். வரத்துக்கால் என் கொல்லையை ஒட்டிப் போகிறது என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒட்டிப் போகவில்லை. அந்த இடத்தில் வரத்துக்காலே இல்லை. அது இருந்த தடத்தில், நட்டநடுவில், என்னுடைய ஏழு தென்னை மரங்கள் நிற்கின்றன. மரத்தை எடுத்தால் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். எடுக்காவிட்டால் மேலே முள் வெட்டிய அத்தனை பேர் உழைப்பும் என் கொல்லையோடு நின்றுவிடும். எடு என்று என்னிடம் சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் எனக்கே சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

உனக்கு எழுத ஆரம்பித்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். என் தங்கச்சியைக் கட்டிய மூன்றாம் மாதம் நீ குவைத்துக்குப் பைப் வேலைக்குப் போனாய். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். கல்யாணத்தன்று சபையில் நான் மரியாதையாக "வாங்க மாப்பிள்ளை" என்றதற்கு, "வேணாம் மச்சான், சிரிப்பு வருது" என்று காதோடு சொன்னாய். அதோடு அந்த மரியாதை முடிந்தது. நீ ஐ.டி.ஐ. வரை போனாய், நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். ஆனாலும் அது அந்தக் காலத்து எட்டு. இன்றைக்கு எம்.ஏ. படித்த பிள்ளைகள் என்னிடம் வந்து மனு எழுதி வாங்கிப் போகின்றன. என் கையெழுத்தைப் பார்த்துத் தபால்காரர், "இது எழுதினதா, அச்சடிச்சதா?" என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். உனக்கு நினைவில்லாவிட்டாலும் கேட்டது கேட்டதுதான்.

முதல் கடிதத்தில் எல்லாரும் நலம், ஆடு குட்டி போட்டது, மழை இல்லை என்று எழுதியும் பாதித் தாள் மிச்சம் இருந்தது. வெளிநாட்டுத் தபால் தாள், அதை வெறுமனே அனுப்ப மனசு வரவில்லை. அதனால்தான், 'கிழக்குக் கரையில் பெண்கள் குளிக்கப் பதினெட்டுப் படியோடு கல் படித்துறை கட்டியாகிவிட்டது. திறப்பு விழாவுக்குத் திருமயத்தில் இருந்து இரண்டு வேனில் ஆள் வந்தார்கள்' என்று எழுதி நிரப்பினேன். நீ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறாய், சந்தோஷப்படட்டுமே என்று நினைத்தேன். நீ லீவில் வருவாய், வந்து பார்ப்பாய் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வந்தாய். பெட்டியைக்கூடத் திறக்காமல், "வா மச்சான், படித்துறையைப் பாத்துட்டு வருவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். கிழக்குக் கரையில் நின்று இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தாய்.

"படித்துறை எங்க மச்சான்?"

"தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கு மாப்ளே."

அது சித்திரை மாதம். கண்மாயில் கொக்கு நிற்கக்கூடத் தண்ணீர் இல்லை. நடுக்கண்மாயில் நம் ஊர் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஆடும் முங்கித்தான் மேயுதா?" என்றாய்.

இருவரும் கரையில் விழுந்து சிரித்தோம். நான் வெட்கத்தில் சிரித்தேன், நீ நிஜமாகவே சிரித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை படின்னு எழுதுனே?" என்று கேட்டாய். பதினெட்டு என்றேன். "அங்கன ரூம்ல பத்துப் பேருக்கு ஒன் கடுதாசியைப் படிச்சுக் காட்டிட்டேன். போட்டோ கொண்டாறேன்னு வேற சொல்லிட்டேன். கட்டிருவோம் மச்சான்" என்றாய். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. கல் உடைக்கிற இடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய கற்களை டிராக்டரில் ஏற்றி வந்தோம். லீவு முடிவதற்குள் பதினேழு படி வந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அடுத்த லீவில் வந்து பதினெட்டாவது படியைப் போட்டுவிட்டுத்தான் வீட்டில் உட்கார்ந்தாய்.

பஸ் ஸ்டாப்பில் நிழற்குடையும் அப்படி வந்ததுதான். 'ஃபேன் போட்ட நிழற்குடை, மாவட்டத்திலேயே நம் ஊரில் மட்டும்' என்று எழுதியிருந்தேன். நீயே பைப்பை வளைத்து, நீயே வெல்டிங் வைத்து, கடைசியில் ஃபேனும் மாட்டினாய். கரண்ட் இருந்தால் இன்றைக்கும் ஓடுகிறது. அதற்குப் பிறகு ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. உனக்குக் கடிதம் எழுத நான் உட்கார்ந்தால் போதும், ஆள் மாற்றி ஆள் வருவார்கள். மேலத்தெருவில் ஒரு பெண் வந்து, "அண்ணே, இந்தக் கடுதாசில பள்ளிக்கூடத்துல பொம்பளப் புள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டியாச்சுன்னு ஒரு வரி போட்டுருங்க" என்றது. பக்கத்தில் நின்ற இன்னொன்று, "தண்ணிக் கொழாயோட கட்டியாச்சுன்னு போடுங்கண்ணே, இல்லைன்னா கொழாயை விட்டுருவாரு" என்றது. பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தால் வருமோ வராதோ, என் பொய்யில் ஏறினால் வந்துவிடும் என்று நம்பினார்கள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவன் நீ. கல் தூக்கியவர்கள் ஊர்க்காரர்கள். ஆனாலும் முதலில் எழுதியவன் நான் அல்லவா? இந்த ஊரின் திட்டம் அத்தனையும் என் பேனாவில் இருந்து வந்தது என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வேன். நீ மறுத்ததே இல்லை.

உனக்குப் பொய்யை எல்லாம் எழுதியவன், ஒரு நிஜத்தை மட்டும் எழுதவில்லை.

மழை ஏய்த்துக்கொண்டே போன வருஷங்கள் அவை. வரத்துக்காலில் தண்ணீர் வந்து காலம் ஆகிவிட்டது. முள் மண்டி, மண் மூடி, எது கால், எது கொல்லை என்று தெரியாமல் கிடந்தது. என் கொல்லையை ஒட்டி அந்தப் பள்ளம் சும்மா கிடக்கிறதே என்று ஏழு தென்னங்கன்று வைத்தேன். திருட வேண்டும் என்று வைக்கவில்லை, மாப்பிள்ளை. சும்மா கிடந்தது, வைத்தேன். பிறகு கன்று காய்ந்துவிடாமல் இருக்கப் பள்ளத்தைக் கொஞ்சம் மேடாக்கினேன். பிறகு ஆடு வராமல் இருக்க வேலி போட்டேன். கன்று மரமானது. கொல்லைப் பக்கம் யார் வந்தாலும் இளநீர் வெட்டிக் கொடுத்து, இந்த ருசி பொள்ளாச்சியில் கிடையாது என்பேன். ஊரே குடித்திருக்கிறது. குடித்தவர்கள் எப்படி வாயைத் திறப்பார்கள்?

கடைசி லீவில் நீயும் வந்தாய். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாய். மேற்கே முள்காட்டையும் கிழக்கே கண்மாய்க் கரையையும் மாறி மாறிப் பார்த்தாய். இளநீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்தாய்.

"இனிப்பா இருக்கு மச்சான். வாய்க்கா மண்ணுல்ல."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு காயைச் சீவினேன். நீ அதையும் வாங்கிக் குடித்தாய்.

குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்ததும், "அடுத்தது வரத்துக்கால்தான் மச்சான்" என்றாய். அது பெரிய வேலை, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றேன். ஊரில் யாருக்கும் எந்த வேலையையும் பெரிது என்று சொல்லாதவன் நான். உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். மறு வருஷம் உன் சிறுநீரகம் படுத்துக்கொண்டது. திருச்சியில் மகன் வீட்டில் தங்கி, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தை மிஷினில் விட்டு எடுக்கும்படி ஆனது. இங்கே வந்து போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. போனில் "மச்சான், ஊர்ச் செய்தி போடு" என்பாய். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவேன். நிழற்குடை ஃபேன் சத்தம் போடுகிறது என்பேன், அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்வாய். நான் சொல்லும் பொய்யில் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுக்கோட்டையைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தது.

போன ஐப்பசியில் கொடும்பாளூர்ப் பக்கம் நல்ல மழை என்று டி.வி.யில் பார்த்துவிட்டாய். "மேல்கண்மாய் பெருகியிருக்குமே. நம்ம கண்மாய்க்கு வந்துச்சா மச்சான்?" என்றாய். குரல் இளைத்துப் போயிருந்தது. நான் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். தென்னை மட்டை காற்றில் சரசரவென்று ஆடிக்கொண்டிருந்தது. மேல்கண்மாய்த் தண்ணீர் நமக்கு வராமல் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. என்ன சொல்ல? "வரத்துக்காலை வெட்டிட்டோம் மாப்ளே. கண்மாய் நெறஞ்சு கலுங்கு தாண்டிப் போகுது. கெடா வெட்டிப் பொங்கல் வச்சாச்சு" என்றேன். நம் கலுங்கில் மிச்சத் தண்ணீர் வழிந்து நீயும் நானும் பார்த்தது பள்ளிக்கூடத்தில் படித்தபோது.

"சத்தத்தைப் பிடிச்சு அனுப்பு" என்றாய்.

என் கிணற்று மோட்டாரைப் போட்டேன். பைப்பில் இருந்து தொட்டிக்குள் விழும் தண்ணீரின் பக்கத்தில் போனை வைத்தேன். "கேக்குதா மாப்ளே? கலுங்கு!" என்று கத்தினேன். அரை மணி கழித்து உன் பதில் வந்தது. "நல்லாருக்கு மச்சான். நாளைக்கும் அனுப்பு." மறுநாளும் அனுப்பினேன். பதினோரு நாள் அனுப்பினேன்.

தையில் உன்னைக் கொண்டுவந்தார்கள். திருச்சியில் இருந்து வரும் வண்டி கண்மாய்க் கரை வழியாகத்தானே ஊருக்குள் வர வேண்டும்? அதை நான் யோசிக்கவில்லை. வண்டி கரையில் திரும்பியபோதுதான் உறைத்தது. வறண்டு வெடித்துக் கிடந்தது கண்மாய். கலுங்கில் நாய் படுத்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீ. நான் வண்டிக்கு முன்னால் ஓடினேன். துக்கத்தில் ஓடுகிறான் என்று நினைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். துக்கம்தான். ஆனால் கண்மாய்ப் பக்கக் கண்ணாடியைத் துண்டால் மறைக்கத்தான் ஓடினேன் என்று யாரிடம் சொல்வேன்?

முப்பதாம் நாள் முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் நானே எழுந்து, உன் பேரைச் சொல்லி வரத்துக்காலை எடுக்க வேண்டும் என்று பேசினேன். பேச்சு என்றால் பேச்சு, கைதட்டல் மேல்கண்மாய் வரைக்கும் கேட்டது. என் மரங்கள் அந்தப் பேச்சில் வரவில்லை. பஞ்சாயத்துத் தலைவராக இருக்கும் பிள்ளை, என் பங்காளி மகள்தான், நடையாக நடந்து அனுமதி வாங்கிவிட்டது. நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பா, ஒங்க மரத்துக்கிட்ட மட்டும் வளைச்சு வெட்டிக்கலாம். ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது. வளைத்து வெட்டினால் பாறை என்று அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெளிச்சம் மங்குகிறது, எழுத்துச் சரியாகத் தெரியவில்லை. இன்னும் முடிவு எடுக்கவில்லை. எடுத்ததும் எழுதுகிறேன்.

*

மாப்பிள்ளை, மேலே எழுதியதை மடித்து அலமாரியில் வைத்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் என் தங்கச்சி திருச்சியில் இருந்து வந்தது. நீ போன பிறகு அது ஊருக்கு வருவது இரண்டாவது தடவை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் என்னையே பார்த்தது.

"அண்ணே, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. அந்த மோட்டாரை மாத்திட்டியா?"

"எந்த மோட்டாரை?"

"கெணத்து மோட்டாரு. நீ தெனமும் சத்தம் அனுப்புவேல்ல."

நான் வாயடைத்து நின்று நீ பார்த்ததில்லை. அன்றைக்கு என் தங்கச்சி பார்த்தது.

"அவுக டயாலிசிஸ்ல படுக்கிறப்பல்லாம் அதைத்தாண்ணே கேப்பாக. மொத நாளே சிரிச்சாக. 'ஒங்கண்ணன் அஞ்சு எச்.பி. மோட்டாரைக் கலுங்குங்கிறான் பாரு. பைப்பு அடியில புட்வால்வுல காத்து இழுக்குது, நடுவுல நடுவுல விக்குது கேளு. ஒரு நாளைக்குப் பூரா மோட்டாரும் போயிரும், மாத்தச் சொல்லணும்'னாக. நான் போன் போட்டுச் சொல்லவான்னு கேட்டேன். 'சொல்லாத, அப்புறம் அனுப்ப மாட்டான்'னுட்டாக."

முப்பது வருஷம் பைப்புக்குள் தண்ணீர் போகும் சத்தத்தைக் கேட்டுச் சம்பாதித்தவனிடம் நான் பைப்புச் சத்தத்தை அனுப்பியிருக்கிறேன். என்னைப் போல ஒரு புத்திசாலி இந்தத் தாலுகாவில் உண்டா?

"தென்னை மரத்தைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"எந்தத் தென்னை?" என்றது. அதனிடம்கூட நீ சொல்லவில்லை.

நேரே கொல்லைக்குப் போய் மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் விழுந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். நடுவில் ஒரு விக்கல். கொஞ்சம் விட்டு இன்னொன்று. இத்தனை வருஷம் அந்த மோட்டாரோடு இருக்கிறேன், எனக்குக் கேட்டதில்லை. திருச்சியில் ஊசி குத்திய கையோடு படுத்துக்கொண்டு உனக்குக் கேட்டிருக்கிறது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். இதில் கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை, நிஜமாகவே ரொம்ப நேரம். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

படித்துறை எங்கே என்று கேட்டவன், கலுங்கு எங்கே என்று ஏன் கேட்கவில்லை என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன். எழுந்து வந்து கட்ட முடியாது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் கேட்கவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் மிஷின் வந்தது. வேலிக்கு இருபதடி தூரத்தில் நின்றது. ஓட்டுகிறவர் கீரனூர்ப் பக்கத்து ஆள், அதிகம் பேசாதவர். இறங்கித் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். முப்பது பேரும் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வானத்தை, ஒருவர் போனை, ஒருவர் தன் அரிவாளை. என் மரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. தலைவர் பிள்ளை மட்டும் வாயைத் திறந்தது.

"அங்கிட்டு வளைச்சுக்கங்க. சித்தப்பா மரத்துல பட்டுறாம."

"வளைக்கலாங்க," என்றார் மிஷின்காரர். "வளைச்சா பாறைங்க. அரை அடிக்கு மேல எறங்காது. தண்ணி ஏறி வராதுங்க." சொல்லிவிட்டு அவரும் வானத்தைப் பார்த்தார்.

நான் வேலிப் படலைத் தூக்கி ஓரமாகப் போட்டேன்.

"இது வாய்க்கா. நான்தான் உள்ள மரத்தை வச்சேன். தப்பு. தூக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. மிஷின்காரரும் ஏறவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு கூட்டத்தில் இருந்து ஒருவர், "அப்புறம்ண்ணே?" என்றார். நான் இன்னும் பேசுவேன் என்று காத்திருக்கிறார்கள்!

"அப்புறம் ஒண்ணும் இல்லப்பா. அவ்ளோதான்."

ஏழும் சாய மதியமாகிவிட்டது. தென்னை சாயும்போது வேர் அறும் சத்தம் கேட்டிருக்கிறாயா? துணி கிழிகிற மாதிரிதான் இருக்கிறது. மூன்றாவது மரம்தான் நீ நின்று குடித்த மரம். அது சாய்ந்தபோது திரும்பிக்கொண்டேன். குருத்தை வெட்டிப் பந்தி மாதிரி எல்லாருக்கும் கொடுத்தார்கள். தலைவர் பிள்ளை எனக்கு ஒரு துண்டு கொண்டுவந்து நீட்டி, "சித்தப்பா" என்றது. வாங்கிக்கொண்டேன். மென்றேன். என் வீட்டுக்காரி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மரம் போனதற்கு இல்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று. அது நியாயம்தான்.

மிஷின் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் கொடும்பாளூர்ப் பக்கம் மழை பிடித்தது. இங்கே தூறல்தான். மூன்றாம் நாள் மத்தியானம் மேலே இருந்து ஒருவர் சைக்கிளில் கத்திக்கொண்டே வந்தார். ஓடினோம். என் வயசுக்கு நான் ஓடியதைப் பார்த்து... சரி, நடந்தேன். வரத்துக்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முன்னால் நுரை, சருகு, கருவேல முள், யாருடைய செருப்போ ஒன்று. எறும்புப் புற்றுக்குள் போய் நிரப்பிவிட்டு வெளியே வரும், பள்ளத்தில் இறங்கி நின்று யோசிப்பது போல நிற்கும், மறுபடி கிளம்பும். நான் அதற்கு முன்னால் பின்நடையாக நடந்து வந்தேன். தென்னை நின்ற குழிகள் ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டன தெரியுமா? எனக்கு ஒரு யுகம். அங்கே நின்றுவிடுமோ என்று பயந்தேன். ஏழாவது குழியும் நிரம்பி வழிந்து, தண்ணீர் கண்மாயைப் பார்த்துத் திரும்பியது.

கண்மாய்க்குள் அது இறங்கியதும் பெண்கள் குலவை போட்டார்கள். நான் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தேன். எடுத்துவிட்டுத்தான் நினைவு வந்தது. மறுபடி பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே வீட்டுக்காரி, "எம்புட்டு வந்துச்சு?" என்று கேட்டாள். இரண்டு வார மௌனத்துக்குப் பிறகு அவள் சரியாகப் பேசிய முதல் பேச்சு அது.

"வாய்க்கால்ல கணுக்கால் அளவு. கண்மாய்க்குள்ள பாதம் நனையும்."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காச்சலா இருக்கா?"

இன்றைய ஊர்ச் செய்தி இதுதான். கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. உன் படித்துறையில் அடியில் இருந்து மூன்று படி முங்கியிருக்கிறது. கலுங்கு பாய இன்னும் ஆளுயரத்துக்கு மேல் வேண்டும். இந்த மழைக்கே பாயுமா, அடுத்த வருஷமா, எனக்குத் தெரியாது. உனக்கு நான் அனுப்பிய அந்தச் சத்தம் இன்னும் நிஜமாகவில்லை. புட்வால்வை மாற்றிவிட்டேன். மோட்டார் இப்போது விக்காமல் ஓடுகிறது. அதைக் கேட்டால் வீடு மாறிப் போனவன் மாதிரி இருக்கிறது எனக்கு.

தினமும் காலையில் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு டீக்கடைக்கு வருகிறேன். எவ்வளவு இருக்கு என்று கேட்கிறார்கள். இருப்பதைச் சொல்கிறேன். யாரும் நம்புவதில்லை. ஒவ்வொருவராக எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார்கள். கூட்டிச் சொல்லும் ஆசை எனக்கு விட்டுப்போகவில்லை, மாப்பிள்ளை. பாதித் தாள் வெறுமனே கிடந்தால் இப்போதும் கை ஊறுகிறது. வடக்குக் கரையில் ஒரு பாலம், கண்மாய் நடுவில் மின்விளக்கு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கிறது. ஆனால் சொல்லிவிட்டால் செய்ய வேண்டியவன் இப்போது நான்தான். எனக்கோ முழங்கால் வலி. அதனால் பார்த்துத்தான் சொல்கிறேன்.